மூவாயிரம் முன்பணத்தில் ஒரு சாந்தோம் வீடு

சென்னை-4,
5-1-1974.

மகாராஜராஜஸ்ரீ அத்தான் அய்யாதுரை பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை முத்துலட்சுமியின் கணவனும், சென்னை சாந்தோமில் நான்கு குடித்தனம் உள்ள வீட்டுக்கு உரிமையாளனுமாகிய நல்லசிவம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் தங்கை, மகள் மீனாட்சி, வீட்டின் மூன்று சுவர்கள் எல்லாரும் சௌக்கியம். நான்காவது சுவரைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அவ்விடம் தாங்கள், மதினி, பிள்ளைகள், அரிசி மில் எல்லாம் குறைவில்லாமல் இருக்க நெல்லையப்பரை வேண்டுகிறேன். உறையின் மேல் உள்ள விலாசத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கோ வந்த கடிதம் என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். எழுதியவன் நானேதான். விலாசத்தில் இருப்பது என் வீடேதான்.

தாங்கள் மறந்திருப்பீர்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணியில், கல்லிடைக்குறிச்சிக் கல்யாணத்தில், பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டு வந்த நேரத்தில், இரண்டு வரிசைக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: “மாப்ள, பதினாலு வருசமா மெட்ராஸ்ல இருக்கியளே, உமக்குன்னு சொல்லிக்கிட ஒரு செங்கலாவது உண்டுமா?” பந்தி முழுக்கச் சிரித்தது. ரசம் ஊற்றியவர் சிரித்த சிரிப்பில் பாதி ரசம் என் வேட்டியில் விழுந்தது. நானும் சிரித்தேன். ஆனால் மோருக்கு இருக்காமல் கை கழுவ எழுந்துவிட்டேன், அதைத் தாங்கள் கவனிக்கவில்லை. தப்பாக எழுதவில்லை அத்தான். அன்றைக்குத் தாங்கள் கேட்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. அதற்கு முதலில் என் நன்றி.

நான் தியாகராய நகரில் குடியிருந்த கதை தங்களுக்கு முழுதாகத் தெரியாது. பெரிய வீட்டின் பின்பக்கத்தில் ஒரு போர்ஷன். முன்பக்கத்தில் வீட்டுக்காரர். அவர் காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்து ஆறேகாலுக்கு மூடிவிடுவார். மாவாட்டினால் தரை அதிர்கிறது என்பார். மீனாட்சி பாடம் படித்தால் காது அதிர்கிறது என்பார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. முருகன் படத்தைக்கூட அலமாரி மேல் சாய்த்து வைத்துத்தான் கும்பிட்டோம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று நூறு பேருக்குப் புடவை விரித்துக் காட்டிவிட்டு வருகிறவன், கேட்டைத் திறக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்து போவேன்.

தாங்கள் கேட்ட கேள்வியோடு ஊரிலிருந்து திரும்பியதும் விசாரிக்க ஆரம்பித்தேன். வீடு வாங்க வேண்டுமானால் பாதிப் பணமாவது கையில் வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. ஒரு பாங்கில் போய்க் கேட்டேன். ஈடாக என்ன வைப்பீர்கள் என்றார் அங்கே இருந்த அதிகாரி. வீடு என்றேன். எந்த வீடு என்றார். நீங்கள் பணம் கொடுத்த பிறகு நான் வாங்கப்போகிற வீடு என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் கடைக்கு ஜமீலுன்னிசா அம்மாள் என்று ஒரு பெரியவர் வந்தார். சாந்தோமில் சொந்த வீடு. கணவர் அத்தர் வியாபாரம் செய்து காலமானவர். ஒரே மகள் வாணியம்பாடியில். வெள்ளை வாயில் புடவை ஒன்றுக்காக நாற்பது புடவை விரிக்கச் சொன்னார், விரித்தேன். விரிக்க விரிக்கப் பேச்சும் விரிந்தது. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்க வேண்டும் என்று ஆசை, ஆனால் வாங்குவாரில்லை. காலி வீடாக இருந்தால் சொன்ன விலைக்குப் போகும். இவர் வீட்டில் மூன்று குடித்தனம். பல வருஷமாக இருப்பவர்கள், நகரமாட்டார்கள், நகர்த்தவும் சட்டம் விடாது. தரகர்கள் கூட்டி வருகிற ஆட்கள் எல்லாரும் குடித்தனக்காரர்களைப் பார்த்ததும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விடுகிறார்களாம்.

எனக்கு அந்த இடத்தில்தான் அத்தான் மூளை வேலை செய்தது. குடித்தனக்காரர்கள் இருந்தால் வாடகை வரும். வாடகை வந்தால் அதுவே வீட்டின் விலையை அடைத்துவிடும். எல்லாரும் எதைப் பார்த்து ஓடினார்களோ அதை நான் முதலாக நினைத்தேன்.

“நானே வாங்கிக்கிறேம்மா” என்றேன், கையில் புடவையை வைத்துக்கொண்டே.

“எவ்ளோ முன்பணம் குடுப்பே பேட்டா?”

“மூவாயிரம்.”

“முப்பதாயிரமா?”

“மூவாயிரம்மா.”

அந்த அம்மாள் சிரித்தார். நின்று சிரிக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாக்கி?” என்றார்.

“மாசாமாசம் வீட்டு வாடகை வருமில்லையா? அதை அப்படியே கொண்டுவந்து உங்க கையிலேயே கொடுத்திடறேன்.”

“என் வூட்டு வாடகைய எனக்கே குடுத்து, என் வூட்ட நீ வாங்கப் போறே?”

“ஆமாம்மா.”

நான் கடை முதலாளியிடம் இன்று வசமாகத் திட்டு வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். “பேட்டா, அந்த வாடகைய வசூல் பண்ணத்தான் எனக்கு உடம்புல தெம்பு இல்ல. அதுக்குத்தான் விக்கிறேன். நீ வசூல் பண்ணி என் கையில வச்சிட்டா எனக்கு அதுவே பெரிசு” என்றார்.

மறு வெள்ளிக்கிழமை பேசி முடித்தோம். விலை முப்பத்து மூவாயிரம். முன்பணம் மூவாயிரம். மிச்சம் மாதம் இருநூற்றைம்பது வீதம் பத்து வருஷம். “வட்டி எனக்கு ஹராம். ஒரு பைசா வேணாம்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே, “ஆனா ரெண்டு மாசம் சேர்ந்தாப்பல தவண தப்பிச்சின்னா வூடு எனக்கு, முன்பணமும் எனக்கு. அத எழுது” என்றார். கலங்கிய கண் உடனே காய்ந்துவிட்டது. மகள் வீட்டில் இடம் ஒழிகிற வரைக்கும் தெருப்பக்கத்து முன்னறையில் அவரே இருந்துகொள்வார் என்பதும் பேச்சு.

மூவாயிரத்தில் இரண்டாயிரம் நான் கடையில் கட்டிவந்த சீட்டை எடுத்தது. மீதி ஆயிரத்துக்குத் தாங்கள் தங்கைக்குப் போட்ட இரட்டைவடச் சங்கிலி போயிற்று. கோபப்படாதீர்கள். நான் கேட்கவில்லை. அவளே கழற்றி என் முன்னால் வைத்துவிட்டு, “களுத்துல கெடந்தா யாருக்குத் தெரியுது? வீடா நின்னா ரோட்டுல போறவனுக்கும் தெரியும். கொண்டுபோய் வித்துட்டு வாங்க” என்றாள். தங்கள் வீட்டுப் பெண் அல்லவா. இத்தனை நாளும் தங்களுக்கு எழுதாமல் இருந்ததும் அவள் யோசனைதான். “ஒரு வருசம் நிக்கட்டும், பொறவு எளுதுங்க” என்றாள்.

பத்திரம் பதிந்து முதல் மாத வாடகை வாங்கப் போன அன்று, சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு, கிண்டி வழியாகச் சுற்றிப் போகாத குறையாக, தெரிந்தவர் எல்லாரும் பார்க்கிற மாதிரி நடந்து போனேன். பின்பக்கத்துப் போர்ஷனில் வேலம்மா என்று ஒரு பெண்பிள்ளை. நொச்சிக்குப்பத்தில் மொத்தமாக மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். நல்ல வரும்படி, நல்ல குரல். “இன்னா நைனா, நீதான் புது ஓனரா? வா, வா. மொதல்ல இந்தக் கால்வாயப் பாரு. ஒரு வாரமா அடச்சிக்கினு கீது” என்று ஒரு மூங்கில் கழியை என் கையில் கொடுத்தாள். நான் வாடகை என்று வாயெடுக்குமுன் பாதிக் கழி கால்வாய்க்குள் போயிருந்தது. அடைப்பு விட்டது. சரிகைத் துண்டும் தோளை விட்டது.

மாடிப்படிக்குக் கீழ்ப் போர்ஷனில் சூசைநாதன். வீட்டு வாடகை வழக்குகள் நடக்கிற கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். “வாடகை தயாரா இருக்கு சார். ரசீது எங்கே?” என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். “ரெவின்யூ ஸ்டாம்பு?” என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை, தபாலாபீஸ் இல்லை. “அப்ப ஸ்டாம்போட வாங்க” என்று சிரித்த முகமாகக் கதவைச் சாத்தினார். தெருப்பக்கம் கடையும் வீடுமாக இருக்கிற தையற்காரர் கரீமுல்லா மட்டும் பேச்சில்லாமல் பணத்தைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் தோளை அளவெடுத்தார். ஏன் என்று அடுத்த மாதம் தெரிந்தது. “இந்த மாசம் பாதி பணம், பாதி சட்டை நைனா” என்று நீலக்கோடு போட்ட சட்டை ஒன்றைக் கொடுத்தார். நன்றாகத்தான் தைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று வாடகையும் சேர்ந்தால் இருநூற்றெண்பது. ஜமீலுன்னிசா அம்மாளுக்கு இருநூற்றைம்பது. மிஞ்சுகிற முப்பதில் வீட்டு வரி, கிணற்று ராட்டினம், ஓட்டை ஓடு. மிஞ்சாத மாதத்தில் என் சம்பளத்திலிருந்து. மாதம் பிறந்தால் சாந்தோமில் குடித்தனக்காரர்களுக்குப் பயப்பட வேண்டும். ராத்திரி தியாகராய நகருக்குத் திரும்பினால் வீட்டுக்காரருக்குப் பயப்பட வேண்டும். இரண்டு பக்கமும் பயப்படுகிற பாக்கியம் சென்னையில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனாலும் ஒன்று சொல்கிறேன் அத்தான். சில நாள் கடை முடிந்ததும் பஸ் ஏறிப் போய், அந்த வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பிளாட்பாரத்தில் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே போகமாட்டேன். போனால் கால்வாய். வெளியிலிருந்து பார்த்தால் அது எப்பேர்ப்பட்ட வீடு தெரியுமா! ஒரு சுண்டல்காரர் என்னைத் திருடன் என்று சந்தேகப்பட்டு, “இன்னா சார், அந்த வூட்டையே பாத்துகினு கீறே?” என்று கேட்டார். என் வீடு என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கே பாதிதான் நம்பிக்கை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் வேலம்மா போர்ஷனின் மேற்குச் சுவர் அப்படியே வெளிப்பக்கம் படுத்துவிட்டது. நல்ல வேளை, அவள் குப்பத்துக்குப் போயிருந்தாள். செய்தி கேட்டுக் கடையில் சொல்லிவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் சூசைநாதன் எல்லாரையும் முற்றத்தில் கூட்டிவைத்துச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். “கட்டடத்தைப் பழுது பார்க்க வேண்டியது ஓனர் பொறுப்பு. பார்க்கிற வரைக்கும் வாடகையை நாம கோர்ட்டுல கட்டிடலாம். உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்ல சார்” என்று என்னிடமும் அன்பாகச் சொன்னார். அவர் கட்டினார். கரீமுல்லாவையும் கட்ட வைத்தார். வேலம்மா யாரிடமும் எதுவும் கட்டவில்லை. அந்த மாதம் பத்தாம் தேதி ஜமீலுன்னிசா அம்மாள் முன்னால் வெறுங்கையோடு போய் நின்றேன்.

“ஒரு தவண தப்பிப் போச்சு” என்றார்.

“மழை அம்மா. சுவர் விழுந்திட்டுது. கோர்ட்டுல கட்டின பணம் கைக்கு வர மாசக்கணக்காகுமாம்.”

“பாத்தேன். என் வூட்டுக்காரரு கட்டின செவுரு அது” என்றார். “பேட்டா, அவரு மவுத்தானப்ப எனக்கு யாரும் ஒரு நாள் தள்ளிக் குடுக்கல. பால்காரன்கூட மறுநாளே வந்து நின்னான். நான் குடுத்தேன். கணக்குன்னா கணக்குதான். அடுத்த பத்தாந் தேதி ரெண்டு தவணையும் வரணும்.”

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டம். கோபம் வந்திருந்தால் தூங்கியிருப்பேன். மூவாயிரம் போகிறது, சங்கிலி போகிறது, அடுத்த கல்யாணப் பந்தியில் தாங்கள் என்ன கேட்பீர்கள் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அப்போது சூசைநாதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சார், உங்களுக்கு வழி இருக்கு. ஓனர் தானே குடியிருக்க வேணும்னா ஒரு போர்ஷனைக் காலி பண்ணக் கேட்கலாம். சட்டம் இடம் கொடுக்குது. அந்தம்மாவைக் காலி பண்ணச் சொல்லுங்க. வீடும் மீன் வாசனை இல்லாம இருக்கும்” என்று, முத்து முத்தான கையெழுத்தில், வேலம்மாவுக்கு ஒரு நோட்டீஸ் தாமே எழுதித் தந்தார். இலவசமாக. வாடகையைக் கோர்ட்டில் கட்ட வைத்தவரும் அவரே, எனக்கு வக்கீலும் அவரே. நோட்டீசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன்.

போனால், பின்கட்டில் ஒரே சத்தம். வேலம்மாவும் குப்பத்திலிருந்து வந்த அவள் அண்ணன் தம்பிகள் நாலு பேரும் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். செங்கல், சுண்ணாம்பு, மணல் எல்லாம் வந்து இறங்கியிருக்கிறது. நான் தொண்டையைக் கனைத்தேன்.

“இன்னா நைனா, சும்மா நின்னுகினு கீறே? அந்தக் கல்ல எட்து குடு” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். ஒன்று கொடுத்தால் அடுத்ததற்குக் கை நீளுகிறது. எப்போது நிறுத்தி நோட்டீசை எடுப்பது? மத்தியானம் ஆகிவிட்டது. அவர்கள் மீன் குழம்போடு சாப்பிட உட்கார்ந்தார்கள். வேலம்மா எனக்கு மட்டும் தனியாக ஒரு பொட்டலம் நீட்டினாள். மயிலாப்பூர்க் கடையிலிருந்து வாங்கிவரச் சொன்ன தயிர்சாதம். “நீ சைவம்னு தெர்யும். இத்தத் துண்ணு” என்றாள். பிறகு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பணம் எடுத்து என் மடியில் போட்டாள். “வாடக குடுக்கலன்னு கோச்சிக்காத. செவுத்துக்குச் செலவு பண்ட்டேன், இது மீதி. தவண தப்பினா ஒனக்கு வூடு பூடும்னு முன்னறை அம்மா சொல்ச்சி. ஒன் வூடு பூட்ச்சின்னா எவன் வருவானோ. நீ பரவால்ல. ஒன்ன நாலு வார்த்த திட்னாலும் கேட்டுகினு நிக்கிறே.”

அத்தான், எனக்கு இதுவரை எத்தனையோ பேர் நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள், கடை முதலாளி கொடுத்தார். இந்த மாதிரி யாரும் கொடுத்ததில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி கல் எடுத்துக் கொடுக்கப் போனேன். சாளரத்துக்குக் கீழே ஒரு இடத்தில் கல் உட்காராமல் ஆடிற்று. சட்டைப் பையிலிருந்த நோட்டீசை எட்டாக மடித்து அந்தச் சந்தில் திணித்து, மேலே நானே கரண்டியால் சாந்து பூசினேன். இப்போது அந்தச் சுவர் ஆடுவதில்லை. சூசைநாதன் எழுத்து அவ்வளவு கெட்டி.

அன்று சாயங்காலம் உடம்பெல்லாம் சுண்ணாம்போடு தியாகராய நகருக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். வேலம்மா கொடுத்தது போகப் பாக்கிக்கு வழி இல்லை என்றேன். தங்கள் தங்கை கொஞ்ச நேரம் முருகன் படத்தையே பார்த்தாள். “என்னங்க, நம்ம இந்த வீட்டுக்காரருக்குப் பத்து மாச அட்வான்ஸ் குடுத்திருக்கோம்லா? அத வாங்குங்க. சாந்தோம்ல மொட்ட மாடியில ஒரு ரூம் பூட்டிக் கெடக்குன்னியளே, அதுல போயி இருப்போம். இங்க குடுக்க வாடகையும் மிச்சம். சொந்த வீட்ட வாங்கிப்போட்டுட்டு எதுக்குங்க இங்க வந்து பயந்து சாவுதோம்?” என்றாள். இந்த யோசனை பத்து மாதமாக எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். அவளும் கேட்டாள்.

அட்வான்ஸ் கேட்கப் போனேன். வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்ஷனுக்குள் வந்து, சுவர் சுவராகத் தடவிப் பார்த்தார். “ஆணி அடிச்சிருக்கேளா? ஆணி ஒண்ணுக்கு ரெண்டு ரூபா பிடிப்பேன், சொல்லிட்டேன்” என்றார். அடிக்கவில்லை என்றேன். “ஏன் திடீர்னு காலி பண்றேள்?” என்றார். சாந்தோமில் ஒரு வீடு வாங்கியிருக்கிறேன், குடித்தனக்காரர்கள் வாடகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டார்கள், அதனால் என்று ஆரம்பித்தேன்.

மனிதர் முகம் மாறிவிட்டது. சுவரிலிருந்து கையை எடுத்தார். “கோர்ட்டுல கட்டிட்டானா? அடப்பாவி! உங்களுக்குமா?” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பதினான்கு வருஷத்தில் அன்றுதான் அவர் வீட்டுக் கூடத்தில் என்னை உட்கார வைத்தார். “இவருக்குக் காப்பி கொண்டா” என்று உள்ளே குரல் கொடுத்தார். எனக்கு முன்னால் அந்தப் போர்ஷனில் இருந்தவர் செய்த அக்கிரமத்தையெல்லாம் சொன்னார். நான் சூசைநாதனைப் பற்றிச் சொன்னேன். அவர் தொடையில் அடித்துக்கொண்டார். குடித்தனக்காரர்களின் குணத்தைப் பற்றி இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரு மணி நேரம் பேசினோம். அவர் சொன்னதில் பாதி என்னைப் பற்றித்தான் என்று நடுவில் தெரிந்தது. நானும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அட்வான்ஸ் முழுவதையும், ஒரு பைசா பிடிக்காமல், வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். சாமானோடு கிளம்பி ராயப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் அந்தக் காப்பியின் கசப்பு நாக்கில் இனித்தது.

ஒரே கைவண்டியில் சாமான் எல்லாம் சாந்தோம் போய்ச் சேர்ந்தது. மொட்டை மாடி அறைக்குப் புதுக் கூரை போட்டோம். கார்த்திகை மாதத் தவணைக்குச் சொன்ன பத்தாம் தேதி, நீலக்கோடு சட்டை போட்டுக்கொண்டு, ஜமீலுன்னிசா அம்மாள் முன்னால் இரண்டு தவணையையும் வைத்தேன். அவர் ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். எண்ணி முடித்து, தலையணைக்குக் கீழ் வைத்துவிட்டு, “பேட்டா, நான் வாணியம்பாடி போகல” என்றார்.

விற்ற வீட்டைத் திருப்பிக் கேட்கப்போகிறாரோ என்று பயந்தேன்.

“பொண்ணு நல்லவதான். ஆனா அங்க எனக்கு ஒரு மூல குடுப்பாங்க. சும்மா குந்திகினு இருக்கணும். இங்க பத்தாந் தேதின்னா ஒரு ஆம்பள நெஞ்சு படபடன்னு அடிக்க என் வாசல்ல வந்து நிக்கிறான். இத விட்டுட்டு எங்க போவேன்?” என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. “சும்மா இருக்க மாட்டேன். இது இப்ப உன் வூடு. இந்த முன்னறைக்கு மாசம் முப்பது ரூவா வாடக. இந்தா, மொதல் மாசம்.” தலையணைக்குக் கீழிருந்து நான் கொடுத்த நோட்டுகளிலேயே மூன்றை எடுத்து நீட்டினார். நான் கை நீட்டினேன். கையை இழுத்துக்கொண்டு, “ரசீது?” என்றார். ஸ்டாம்போடு எழுதிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் சட்டைப் பையில் ஸ்டாம்பு இல்லாமல் வெளியே போவதில்லை.

எனக்குக் கடன் கொடுத்தவர் எனக்கே வாடகை கொடுக்கிறார் அத்தான். தங்கள் மில்லில் எத்தனை மூட்டை அரைத்தாலும் இப்படி ஒரு நிலைமை வாய்க்குமா? சூசைநாதனும் சுவர் எழும்பியதும் கோர்ட்டில் கட்டுவதை நிறுத்திவிட்டார். கட்டின பணத்தை நான் எடுப்பதற்கான மனுவையும் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு யார் ஜெயிக்கிறார்கள் என்பது முக்கியமில்லை, எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது முருகன் படம் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது. தேவையில்லாமல் இன்னும் நாலு ஆணியும் அடித்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் மாடியில் நின்றால் மாதா கோவில் கோபுரமும் அதற்கு அந்தப்பக்கம் கடலும் தெரிகிறது. தங்கள் தங்கை தண்ணீரை இஷ்டத்துக்கு இறைத்துக் குளிக்கிறாள். மீனாட்சி தெரு கேட்க வாய்ப்பாடு சொல்கிறாள். இனி இந்த ஜென்மத்தில் வாடகை வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று கபாலீசுவரர் சந்நிதியில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தை பிறந்ததும் தாங்களும் மதினியும் பிள்ளைகளும் அவசியம் வந்து ஒரு மாதமாவது இங்கே தங்க வேண்டும். நம் மாடி, நம் காற்று. கேட்க ஒருத்தர் கிடையாது.

மதினிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மில்லில் கணக்கு எழுதும் பெரியவருக்கும் கல்லிடைக்குறிச்சியில் அன்று ரசம் ஊற்றியவருக்கும் நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். எல்லார் தலைக்கும் மேலே ஒரு கூரையும் அந்தக் கூரைக்கு ஒரு பத்திரமும் அமைய இறைவன் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குரிய,
நல்லசிவம்
(கட்டட உரிமையாளர்)

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் ஒரு சிறு மாற்றம். நேற்று மயிலாப்பூரில் வீணை கற்றுக்கொள்ள வந்திருக்கிற ஒரு ஜெர்மன் தேசத்துப் பெண்மணியை, வீடு பார்க்க, கரீமுல்லா மாடிக்குக் கூட்டி வந்தார். அந்தப் பெண் கடலைப் பார்த்தது, காற்றை மோந்தது, மாதம் நூற்றைம்பது தருகிறேன் என்றது. நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். தங்கள் தங்கை எனக்கு முன்னால் அட்வான்ஸ் வாங்கி முந்தானையில் முடிந்துவிட்டாள். “அடையாறுல எளுவது ரூவாய்க்குப் போர்ஷன் இருக்குங்க. மீதி எம்பது ரூவாயத் தவணையில கூடுதலாப் போட்டா பத்து வருசக் கடன் எத்தன சீக்கிரம் அடையும், நெனச்சுப் பாருங்க” என்கிறாள். நினைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆகவே நாளை மறுநாள் அடையாறுக்குக் குடிபோகிறோம். புது வீட்டுக்காரர் கொஞ்சம் கண்டிப்பானவர், விருந்தாளிகள் வந்து தங்குவது அவருக்குப் பிடிக்காதாம், ஆதலால் தைக்கு வரவேண்டாம். பதில் எழுதும்போது உறையின் மேல் ‘நல்லசிவம், சாந்தோம் வீட்டு உரிமையாளர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே சின்னதாக அடையாறு விலாசத்தைப் போடவும். தபால்களை எல்லாம் வீட்டுக்காரர்தான் முதலில் வாங்கிப் பார்ப்பாராம். பார்க்கட்டும்.